மேசைக்கு அடியில் தட்டிய விரல்

அவளுக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சிறப்புப் பள்ளி வகுப்பறைகளில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ஆசிரியைகள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலை. பத்தொன்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள். வேலைக்கு வந்த முதல் வருடம், ஒரு வகுப்பே மனப்பாடம் செய்து ஒப்பித்ததை நிஜமென்று நம்பி முழு மதிப்பெண் போட்டுவிட்டாள். அலுவலகமே சிரித்தது. அன்றோடு நம்புவதை விட்டாள். "நான் பால் வாங்கிட்டு வந்தாக்கூட மூடியைத் திறந்து பாக்குற ஆளு" என்பார் அவள் கணவர். அது பொய்யுமில்லை.

அன்று அவள் போனது ஒரு ஒப்பந்த ஆசிரியையின் வகுப்புக்கு. அந்த ஆசிரியைக்கு ஏற்கெனவே இரண்டு தடவை குறைந்த மதிப்பெண் போட்டவளும் பூதக்கண்ணாடிதான். மூன்றாவதும் குறைந்தால் ஆசிரியைக்கு வேலை போய்விடும். அது இருவருக்கும் தெரியும்.

ரெட்டைச்சடைக்காரி ஒருத்தி முதல் மேசையில் இருந்தாள். ஒன்பது வயது, பேச்சு கிடையாது. போன இரண்டு தடவையும் பூதக்கண்ணாடி கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் காட்டாதவள். ஆசிரியை அவள் முன்னால் சீப்பு, செருப்பு, குடை என்று மூன்று பட அட்டைகளை வைத்தாள்.

"மழை பெய்யுதுடா கண்ணு. எதை எடுத்துக்கணும்?"

சிறுமி ஜன்னலைப் பார்த்தாள். ஆசிரியை வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னக் கை நீண்டு குடையை எடுத்தது. அடுத்ததும் சரி, அதற்கடுத்ததும் சரி. ஐந்துக்கு ஐந்து!

போன மாதம் வரை ஒன்றும் காட்டாத பிள்ளை திடீரென்று எப்படி? பூதக்கண்ணாடிக்குப் பொறி தட்டியது. லேசாகக் குனிந்தாள். மேசைக்கு அடியில் ஆசிரியையின் விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. அடிப்பாவி, சாடை காட்டுகிறாள்!

"டீச்சர், கொஞ்சம் வெளிய நில்லுங்க."

ஆசிரியை முகம் வெளிறிப் போய் வெளியே போனாள். பூதக்கண்ணாடி அட்டைகளைக் கலைத்து வைத்து அதே மழைக் கேள்வியைக் கேட்டாள். சிறுமி ஜன்னலைப் பார்த்தாள். "சொல்லு பாப்பா." பதிலில்லை. "குடை எங்க? சரி, தலை வார எது வேணும்?" சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள்.

கையும் களவுமாகப் பிடித்த திருப்தியோடு படிவத்தில் ஐந்துக்கு ஒன்று என்று பேனாவால் எழுதினாள். பிறகு ஆசிரியையைக் கூப்பிட்டாள்.

"மேசைக்கு அடியில என்ன பண்ணீங்க?"

"எண்ணிட்டு இருந்தேன் மேடம். கேள்வி அவளுக்குள்ள போயி பதில் வர முப்பது எண்ணணும். நடுவுல யாராவது பேசினா அவ மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்கோ வாய் சும்மா இருக்காது. அதான் விரலுக்கு வேலை குடுத்தேன்."

"யார் காதுல பூ சுத்தறீங்க?"

"நீங்களே எண்ணிப் பாருங்க மேடம். நான் வெளியவே நிக்கிறேன்."

பார்த்துவிடலாம் என்றுதான் அவளும் உட்கார்ந்தாள். சிறுமியின் கை காதிலிருந்து இறங்கியதும் மழைக் கேள்வியைக் கேட்டாள். ஏழு எண்ணுவதற்குள் நாக்கு துறுதுறுத்தது. பதினைந்தில் அடுத்த கேள்வி உதடு வரைக்கும் வந்துவிட்டது. இவள் விரலும் தன்னால் தொடையில் தட்ட ஆரம்பித்திருந்தது. இருபத்தாறில் சிறுமி குடையை எடுத்தாள். தற்செயலாக இருக்குமோ? அட்டைகளை மறுபடி கலைத்தாள். செருப்புக்கு இருபத்தெட்டு, சீப்புக்கு இருபத்துநான்கு. மூன்றும் சரி.

 பூதக்கண்ணாடி எழுந்து கதவைத் திறந்தாள். வராந்தாவில் ஆசிரியை சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"இதை ஏம்மா போன ரெண்டு தடவையும் எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல ஆரம்பிச்சேன் மேடம். நீங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்க."

பூதக்கண்ணாடிக்குச் சுருக்கென்றது. வெட்கத்தில் காது சுட்டது. பத்தொன்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை டீச்சர்கள்? நாற்காலிக்குத் திரும்பி வந்து, தான் போட்ட ஒன்றை அடித்து ஐந்து என்று எழுதினாள். படிவத்தில் திருத்தினால் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. அவள் இதுவரை ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. அந்தக் கட்டத்தில், 'மதிப்பீட்டாளர் காத்திருக்கவில்லை. முந்தைய இரண்டு முறையும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.