சிவப்புப் பொத்தானில் இட்ட குங்குமம்

1996 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, டப்பா மூடி செய்யும் தொழிற்சாலையில் ராணி என்ற பெண்ணின் விரல் பிரஸ் மெஷினில் சிக்கியது. நகம் போய்விட்டது. விரல் தப்பியது. அந்த மெஷினில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்தவன் நான்.

சாமுண்டித் தாயை நம்பி வாழும் உங்கள் முன்னால் எழுந்து நின்று பேச எனக்குத் தைரியம் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதனால் அம்மன் எனக்குச் செய்ததை எழுதித் தருகிறேன்.

அனூர் என்ற சின்ன ஊரின் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன் நான். மைசூரில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு, மெஷின்களுக்கு மின்சாரப் பெட்டி செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். பெட்டியின் முகப்பில் எழுத்தும் அம்புக்குறியும் அச்சடிப்பது என் வேலை. எங்கள் இன்ஜினியர் என் கையைப் பார்த்துவிட்டு, பொத்தான்களின் இடத்தையும் நீயே வரை என்றார். பழகவும் வைத்தார். அட்டையில் பெட்டி மாதிரி செய்து, பொத்தானுக்குப் பதில் பாட்டில் மூடி ஒட்டி, மெஷின் ஓட்டுகிறவர்களிடம் கொண்டுபோய் அமுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தகட்டில் துளை போட வேண்டும். “மெஷின் ஓட்டறது நீயாப்பா? ஓட்டறவங்கள கேளு,” என்று எப்போதும் சொல்வார்.

நான் கேட்கவில்லை. அந்த மூடித் தொழிற்சாலையில் எட்டுப் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் போய் நின்று பேச எனக்குக் கூச்சம். மேஜையில் உட்கார்ந்தே வரைந்துவிட்டேன். போர்டு எழுதிய பழக்கம் வேறு. எழுத்து இடது மேல் பக்கம் தொடங்கி வலது கீழ்ப் பக்கம் முடியும். அதைப் போலவே மெஷினை ஓடவிடும் பச்சைப் பொத்தானை மேலே இடதில் வைத்தேன். நிறுத்தும் சிவப்பைக் கீழே வலது மூலையில் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. எட்டு மெஷினிலும் அதையே போட்டார்கள்.

ராணிக்கு அடிபட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்தான் கவனம் இல்லாமல் இருந்தாள் என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்று நகம், நாளை ஒரு பெண்ணின் கையே போனால்? இந்த எண்ணம் என்னை விடவே இல்லை. நாலு முறை அங்கே போனேன். பெட்டியில் என்ன குறை என்று கேட்க நினைத்தேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். “எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க,” என்றார்கள் பெண்கள். நானும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

மனுஷரிடம் கேட்க முடியாதவன் தாயிடம் போனேன். நாலு வெள்ளிக்கிழமை, விடியும் வேளையில் சாமுண்டி மலைப் படி முழுவதும் ஏறினேன். வேறு எதையும் கேட்கவில்லை. “எனக்கு ஒரு வாய் கொடு தாயே. இல்லாவிட்டால் அந்தக் கைகளை நீயே காப்பாற்று.” சன்னிதியில் அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். வெட்கப்படவில்லை.

தசரா வந்தது. ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறை சார்பாகப் பூவும் பழமும் கொடுத்துவரச் சொல்லி என்னை அந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். மெஷின்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அவரவர் மெஷினுக்கு அவரவரே மஞ்சள் குங்குமம் வைப்பது அங்கே வழக்கம். மற்ற மெஷின்களை ஓட்டும் ஆண்கள் மெஷினின் தலையில் வைத்திருந்தார்கள். பெண்கள் வைத்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் கீழ் மூலையில் இருந்த அந்தச் சிவப்புப் பொத்தானில்தான் குங்குமம் இருந்தது. ராணியின் மெஷினில் அதற்கு மேல் ஒரு பூவும் இருந்தது.

என் வாய் தானாகத் திறந்தது. அவர்களில் மூத்தவர் செல்வி அக்கா, தர்மபுரிக்காரர். ஏன் எல்லோரும் அங்கேயே வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

“அட, அண்ணனுக்குப் பேச்சு வருதே. நாலு தடவ வந்து கம்பம் மாதிரி நின்னுட்டுப் போனீங்க,” என்றார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். “எடது கை தகட்டப் புடிச்சிருக்கும். வலது கை மூடிய எடுத்துக்கிட்டு இருக்கும். ஏதாச்சும் ஆனா அந்த மூலைக்கு எந்தக் கைங்கண்ணா போவும்? முட்டியால அமுக்கப் பாப்போம், எட்டாது. நமக்கு எட்டலியே, நீயாவது பாத்துக்கோன்னு அம்மாகிட்ட விட்டுட்டோம்.”

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் எந்தத் தாயிடம் போய் அழுதேனோ, அவளிடமே இவர்களும் என் தப்பை ஒப்படைத்திருந்தார்கள். “அந்தப் பொட்டிய வரஞ்சது நான்தாங்க,” என்றேன். யாரும் திட்டவில்லை. ராணி மட்டும், “அப்ப மாத்துங்க,” என்றாள்.

மறு வாரமே அட்டைப் பெட்டியோடு போனேன். கை கூப்பிக் கேட்டுக்கொண்டதில் சூப்பர்வைசரும் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார். ஒவ்வொரு பெண்ணையும் மெஷின் முன் உட்காரச் சொல்லி, முழங்கையும் முட்டியும் எங்கே வருகிறது என்று சாக்பீஸால் குறித்தேன். “இங்க இல்லண்ணா, இன்னும் கொஞ்சம் மேல,” என்று என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னார்கள். உள்ளங்கை அளவு பெரிய சிவப்புப் பொத்தானை முழங்கை படும் இடத்தில் வைத்தோம். கீழே, முட்டியால் தள்ளினாலே மெஷின் நிற்கும்படி ஒரு பட்டையும் போட்டோம். இன்ஜினியர் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். கார்த்திகைக்குள் எட்டு மெஷினும் மாறின.

தை மாதம் செல்வி அக்காவின் சேலைத் தலைப்பு மெஷினில் சிக்கிக் கையையும் சேர்த்து இழுத்தது. முட்டியால் தள்ளினார். மெஷின் நின்றது. தலைப்பு கிழிந்தது, கையில் ஒரு கீறல்கூட இல்லை. செய்தி கேட்டு ஓடினேன். அவர் பத்து விரலையும் என் முன்னால் விரித்துக் காட்டினார்.

இன்று எந்தப் பெட்டி வரைந்தாலும், முதலில் அதை ஓட்டப் போகிறவர்களிடம் போய் உட்காருகிறேன். கூச்சம் இன்னும் இருக்கிறது. அதோடுதான் போகிறேன்.

உங்களில் என்னைப் போல வாயில்லாதவர்கள் இருப்பீர்கள். செய்த தப்பை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிப்பவர்களும் இருப்பீர்கள். தாயிடம் சொல்லுங்கள். நான் ஒரு வாய்தான் கேட்டேன். அவள் எட்டுப் பேரின் கைகளைக் காத்து, என்னையும் அவர்கள் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க வைத்தாள்.