மழை வராத கடைசிக் காட்சி

இயக்குநர் தன் தோள்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகியதும், அண்ணி நீட்டிய சொம்பு அப்படியே அந்தரத்தில் நின்றதும் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. எங்கள் பக்கம் யார் வீட்டுப் படியேறினாலும், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். சண்டைக்கு வந்தவனுக்கும் தண்ணீர் கொடுத்த பிறகுதான் சண்டை. அதை வாங்கி ஒரு வாயாவது நனைக்காமல் தள்ளினால், உன் வீட்டோடு எனக்கு ஒட்டு உறவு வேண்டாம் என்று சொன்ன மாதிரி. பாவம், சென்னையிலிருந்து வந்த சினிமாக்காரப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? ஊர் ஊராகச் சுற்றுகிறவர், வயிற்றுக்குப் பயந்து சொந்தத் தண்ணீர் வைத்திருந்தார். அவ்வளவுதான். ஆனால் அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. “ஏனுங்க, எங்கூட்டுத் தண்ணி உங்களுக்கு ஆவாதுங்களா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணி என்று நான் சொல்வது எங்கள் மேனேஜரண்ணனின் மனைவியை. மேனேஜர் என்றதும் கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும் நினைக்க வேண்டாம். திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே போகிற போர்வெல் வண்டிகளில், தோட்டத்துக்காரரிடம் பேசி, வேலை பிடித்து, ஆட்களுக்குச் சோறு பார்த்து, குழி முடியும்வரை வண்டியோடு கிடக்கிறவருக்குத்தான் எங்கள் தொழிலில் மேனேஜர் என்று பெயர். நான் அந்த வண்டியின் டிரைவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் வந்ததே அவரோடு கிடந்த நாட்களில்தான். அவர் படித்து முடித்ததைத் தலைமாட்டில் போடுவார், நான் எடுத்துக்கொள்வேன். ஒருவருக்கொருவர் பாடம் சொன்னதெல்லாம் இல்லை. பொழுது போக வேண்டுமே.

அவர் தன் மகளுக்குக் கதை சொன்னது முழுக்கப் போனில். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு பருத்திக் காட்டு ஓரத்தில் வண்டி நிற்கும். சாயங்காலம் கம்ப்ரசரை நிறுத்தியதும் காதுக்குள் ஒரு ஊமை அமைதி வரும் பாருங்கள், அந்த நேரத்தில் வண்டியின் மட்கார்டில் சாய்ந்துகொண்டு, “பாப்பா, நேத்து எங்க உட்டேன்?” என்று ஆரம்பிப்பார். நாங்கள் கைகால் கழுவுகிறவன், சப்பாத்தி தேய்க்கிறவன் எல்லோரும் காதை அங்கேதான் வைத்திருப்போம். கதை இதுதான். ஏரி வறண்டுபோன ஊரில் ஒரு சிறுமி. பெரியவர்கள் “சாமி கண்ணே தொறக்கல” என்று புலம்புவதைக் கேட்டு, சாமியும் தாகத்தில் மயங்கிக் கிடக்கிறது போல என்று நினைத்துவிடுகிறாள். தன் பங்குத் தண்ணீரில் ஒரு சொம்பைத் தினமும் உச்சிவெயிலில் ஏரிக்கரைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைக்கிறாள். ஊர் சிரிக்கிறது, அம்மா அடிக்கிறாள், இருந்தும் கொண்டுபோகிறாள். மகள் தூங்கிவிட்டதாக அண்ணி போனை வாங்கிச் சொன்ன பிறகும், அடுத்தது என்ன என்று நாங்கள் விடமாட்டோம். “உங்களுக்கு வேற தனியாச் சொல்லோணுமா? போய்ப் படுங்கடா” என்பார். ஆனால் சொல்லுவார்.

அந்தக் கதையை அண்ணன் எழுதி, அது சிறுவர் நாவலாக அச்சில் வந்ததும், அதைப் படித்த அந்த இளம் இயக்குநர் படமாக எடுக்க வந்ததும் எங்களுக்குக் கனவு மாதிரிதான் இருந்தது. எங்கள் வண்டி ஆள் எழுதிய கதை! தேநீர்க் கடையில் நான் முகம் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், கடைசிக் காட்சியை மாற்ற வேண்டும் என்று கேட்க இயக்குநர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நாவலில் கடைசிவரை மழை வராது. படத்தில் மழை வந்தே ஆக வேண்டும் என்கிறாராம் படத்துக்குப் பணம் போடுகிறவர். கோயில் மணி அடிக்கும், வானம் இருட்டும், குழந்தை மழையில் ஆடுவாள், ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். “பக்தியும் இருக்கும், சந்தோஷமும் இருக்கும் சார்” என்றார் இயக்குநர். அந்தப் பேச்சு தொடங்கும் முன்பே தண்ணீர் விஷயம் நடந்து, காற்று கனத்துவிட்டது.

மேனேஜரண்ணன் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததும் இல்லை. கீழே இருந்த சொம்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். “தம்பி, நான் சாமி கும்பிடறவன்தான். நாங்க போடற ஒவ்வொரு குழிக்கும் தேங்கா ஒடச்சு, சூடம் பத்தவெச்சுத்தான் ராடு எறக்குவோம். தோட்டத்துக்காரரு பொண்டாட்டி புள்ளையோட கைகூப்பி நிப்பாரு. சில குழியில தண்ணி பீச்சும். சில குழியில கடைசிவரைக்கும் தண்ணியில்லாம கல்லுத்தூளு பொகையாத்தான் வரும். பொகை வந்த ஊட்டுப் புள்ள என்ன, சாமிய கம்மியாவா கும்புட்டுச்சு? இந்தப் படத்த அந்தப் புள்ளையும் பாக்கும் தம்பி. சரியாக் கும்புட்டா மழை வருமுன்னு நீங்க காட்டுனீங்கன்னா, அது ஊட்டுக்குப் போயி என்னன்னு நெனைக்கும்?”

அண்ணன் அதோடு விடவில்லை, குரலை மட்டும் இன்னும் தணித்தார். “இப்ப ஊட்டுக்காரி தண்ணி குடுத்தா. நீங்க வேண்டாம்னுட்டீங்க. தப்பில்லீங்க, உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு வெசனந்தான். ஆனா உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாளா? நாளைக்கு நீங்க வந்தாலும் மறுபடி சொம்பத் தூக்கிக்கிட்டுத்தான் வருவா. என் கதையில வார பாப்பாவும் அப்படித்தானுங்க. ஊட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்கற மாதிரி சாமிக்குக் குடுக்கறா. அதுக்குப் போயி மழைய கூலியாக் குடுத்துப் போடாதீங்க.” நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ காட்டில், எத்தனையோ வாயாடிகளின் பேச்சைக் கேட்டவன் நான். அன்றைக்குக் கேட்ட மாதிரி ஒன்றைக் கேட்டதில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கதையைக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் அது அவர்கள் கையில். இயக்குநர் “பார்க்கிறேன் சார்” என்று சொல்லி எழுந்தார். போகிறபோது அந்தச் சொம்பை எடுத்து நின்றபடியே குடித்தார். அதை வைத்து அண்ணனும் எந்த முடிவுக்கும் வரவில்லை. “தண்ணி குடிச்சாரு, அதுவரைக்கும் நல்லது” என்றார்.

சேலம் பக்கத்துப் பனமரத்துப்பட்டி ஏரி காய்ந்து கிடந்த கோடையில் அங்கேயே படம் பிடித்தார்கள். முடிவு என்ன ஆயிற்று என்று அண்ணன் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. நான் கேளுங்கள் கேளுங்கள் என்று நச்சரித்தால், “பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு, தெனமும் போன் போட்டு என்ன கொழம்புன்னு கேப்பாங்களா?” என்று சிரிப்பார். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. அது எனக்குத் தெரியும்.

சேலத்தில் படம் வெளியான அன்று பகல் காட்சிக்கு எங்கள் வண்டி ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் சும்மா வந்தார்களா? குழிக்குப் பூஜை போடுகிற பழக்கத்தில் தியேட்டர் படிக்கட்டிலேயே சூடம் கொளுத்தி, தேங்காயைச் சிதறடித்து, டிக்கெட் கவுண்டர் கம்பியில் எலுமிச்சம்பழத்தையும் கட்டிவிட்டார்கள். தியேட்டர்க்காரர் ஓடிவந்து, “யோவ், இங்க என்ன போர் போடப் போறீங்களா?” என்று கத்தினார். “ஆமாங்க, தண்ணி வருதான்னு பாக்கத்தான் வந்திருக்கறோம்” என்றான் குழி போடுகிற எங்கள் டிரில்லர்.

படத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? நாவலை எத்தனையோ முறை படித்தவன் நான். வரி வரியாகத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை நடக்கும்போது சொம்பிலிருந்து தண்ணீர் தளும்புகிற சத்தத்தைப் புத்தகத்தில் நான் கேட்டதில்லை. பாட்டு இல்லை, பின்னணி இசையும் இல்லை. வெடித்த ஏரி மண், ஒரு ஜோடிச் சின்னக் கால், அந்தச் சத்தம். ஒரு சொட்டு சிந்தினாலும் தியேட்டர் முழுக்க “ச்சூ” என்றது. புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் இயக்குநர் வைத்திருந்தார். ஒருநாள் கோயில் பூட்டியிருக்கிறது. சாமி எந்த வீட்டில் இருக்கிறதோ என்று அவள் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் அலைகிறாள். தர்காவில் இருக்கிற பாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோள் துண்டால் ஓரிடத்தைத் துடைத்து, சொம்பு வைக்க இடம் செய்து கொடுக்கிறார். “அட, இது எனக்குத் தோணலையே” என்று அண்ணன் என் காதில் சொன்னார். பொறாமை துளிகூட இல்லை அந்தக் குரலில்.

பிறகு கடைசிக் காட்சி வந்தது. வானம் கறுத்தது. இடி இடித்தது. முன்வரிசையில் விசில் பறந்தது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். ராடு இறங்கும்போது இரும்பைப் பிடிப்பாரே, அந்தப் பிடி. நான் திரையைப் பார்க்கவா, அவரைப் பார்க்கவா என்று தெரியாமல் இருந்தேன். மேகம் மெதுவாக நகர்ந்து மலைக்கு அந்தப் பக்கம் போயே போய்விட்டது. வெயில் திரும்ப வந்தது. பிள்ளை அண்ணாந்து பார்த்தாள். நேற்று வைத்த தண்ணீரைப் பக்கத்து வேம்பின் அடியில் ஊற்றினாள். சொம்பைத் துடைத்து, கொண்டுவந்த புதுத் தண்ணீரை நிரப்பி வைத்தாள். திரும்பி நடந்தாள். படம் முடிந்தது.

விளக்குப் போட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. படம் தோற்றுவிட்டதோ என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அப்போது எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு சின்னக் குழந்தை, “அம்மா, அந்த அக்கா நாளைக்கும் கொண்டுக்கிட்டுப் போவாளா?” என்று கேட்டது. “போவா கண்ணு” என்றார் அந்த அம்மா, எந்தச் சந்தேகமும் இல்லாமல். என் மணிக்கட்டு விடுபட்டது.

இப்போது நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ராசிபுரத்தில் டயர் கடை வைத்திருக்கிறேன். படத்தைப் போனில் பார்த்துவிட்டு யாராவது பேச்செடுத்தால், வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அண்ணன் படம் வந்த கையோடு வண்டிக்குத் திரும்பினார், இன்றும் எங்கோ வடக்கேதான் இருக்கிறார். எங்கே குழி போட்டாலும் தேங்காய் உடைக்காமல் இருப்பதில்லை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அன்றைக்குத் தியேட்டர் வாசல்தான். கூட்டத்தில் வெளியே வரும்போது ஒரு வேட்டிக்காரர், இவர் யாரென்று தெரியாமல், “படம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனாலும் ஒரு தூறலாச்சும் போட்டிருக்கலாம்” என்று குறைப்பட்டார். மேனேஜரண்ணன் அவர் தோளில் கை போட்டு, இன்னொரு கையால் மேலே வானத்தைக் காட்டி, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

“நானும் அதையேதானுங்க ரொம்ப வருசமா அவருகிட்டக் கேட்டுக்கிட்டிருக்கறேன்.”