நாற்பதைத் தாண்டினால் வரும் நடுக்கம்

அம்மாவின் முதுகெலும்பில் நோய் கண்ட வருஷம் எனக்குப் பத்து வயது. வேலம்பாளையத்திலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை போய்வர வேண்டியிருந்தது. அம்மாவால் உட்கார முடியாது. அப்பாவின் பழைய ஜீப்பில் பின்பக்கம் நீளமாக மெத்தை விரித்து அவளைப் படுக்க வைப்போம். காலடியில் நான் உட்கார்ந்துகொள்வேன்.

அது துணி ஏற்றுகிற வண்டி. நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி உருளைகளைக் கொண்டுபோவதற்காக அப்பா பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் கூடுதலாகப் போட்டிருந்தார். அதனால் வண்டி பின்புறத்தைத் தூக்கிக்கொண்டே நிற்கும். பாரம் ஏற்றினால் சமமாகிவிடும். அம்மாவை ஏற்றியபோது ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அவள் அப்போது அவ்வளவுதான் இருந்தாள்.

வேகம் நாற்பதைத் தாண்டியதும் அடித்தகட்டிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும். ஓடுகிற தையல் மெஷினில் கை வைத்ததுபோல இருக்கும். எனக்கு அது விளையாட்டாகக்கூட இருந்தது. அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். அப்பா வேகத்தைக் குறைப்பார். ஒன்றரை மணி நேரப் பாதை இரண்டரை மணி நேரமாகும்.

அம்மாவின் தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மாமா அப்பாவிடம் பேசி மூன்று மாதமாகியிருந்தது. அம்மா முதுகு வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் அப்பா தைலத்தைத் தேய்த்துவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார் என்பது அவருடைய கோபம். அப்பா அதை மறுத்ததே இல்லை. அதனாலேயே மாமாவின் கோபம் ஆறவில்லையோ என்னவோ.

ஒரு தடவை மாமாவும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார். அம்மா முந்தானையைக் கடிப்பதைப் பார்த்தார். மறுநாள் காலையில் வெல்டிங் சாமான்களோடு வந்து வாசலில் நின்றார்.

"வண்டிய ரெண்டு நாளைக்கு நிறுத்துங்க மச்சான். டிஃபரன்சியலத் திருப்பி வெக்கோணும்."

"பட்டையக் கழட்டீட்டாப் போதாதா மாப்ள?"

"மத்த பட்டையெல்லாம் செத்துக் கெடக்குதுங்க. கழட்டுனா ஒவ்வொரு குழியிலயும் தூக்கிப் போடும். அக்கா தாங்காது."

கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற தண்டு, பின் அச்சின் நடுவிலிருக்கும் டிஃபரன்சியலில் போய்ச் சேர்கிறது. இரண்டு முனையும் ஒரே சாய்வில் இருந்தால்தான் தண்டு அதிராமல் சுற்றும். பட்டைகளைச் சேர்த்ததில் டிஃபரன்சியலின் மூக்கு கீழே கவிழ்ந்திருந்தது. மாமா என் ஜியாமெட்ரி பாக்ஸைக் கேட்டு வாங்கினார். கோணமானியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து அளந்தார். நாலு டிகிரி தப்பு.

அச்சின்மேல் ஸ்பிரிங் உட்காருகிற இரும்புத் தாங்கிகளை அறுத்தெடுத்தார். அப்பா ஜாக்கி வைத்து டிஃபரன்சியலின் மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்.

"இன்னும் தூக்குங்க."

"போதுமா?"

"அரை டிகிரி எறக்குங்க. அப்படியே புடிங்க."

மூன்று மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட பேச்சு அதுதான். அம்மா உள்ளே கட்டிலில் படுத்தபடி என்னைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் என்ன பேசறாங்க?"

"டிகிரி பேசறாங்கம்மா."

"பேசட்டும்," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் தாங்கிகளைப் புதிய சாய்வில் வைத்து வெல்டிங் செய்து முடித்தார்கள். பார்ப்பதற்கு வண்டி முன்புபோலவேதான் இருந்தது. மாமா பின்பக்கம் ஏறி, அம்மாவின் மெத்தையில் அவள் படுப்பதுபோலவே படுத்தார். நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அப்பா சேவூர்ப் பக்கம் ஓட்டினார். நாற்பது. ஐம்பது. "இன்னும் போங்க," என்றார் மாமா. அறுபதிலும் தகடு அசையவில்லை.

அப்பா ஓரமாக வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கோணும் மாப்ள."

மாமா மெத்தையில் படுத்தபடியே, "திருப்புங்க மச்சான். அக்கா தனியா இருக்குது," என்றார்.

அடுத்த தடவை கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை அம்மா தூங்கிக்கொண்டே வந்தாள். அவள் தூங்குவதை முன்சீட்டிலிருந்து அப்பாவும் மாமாவும் மாறிமாறித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அப்பாவிடமும் மாமாவிடமும் கொஞ்ச நேரம்தான் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "இனிமே இங்க அலைய வேண்டாம். வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க," என்றார்.

வீட்டில் அம்மாவைக் கட்டிலில் கிடத்திவிட்டு இருவரும் ஜீப் பக்கம் போய்த் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் காதருகே குனிந்தேன்.

"அம்மா, இனிமே ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாமாம். டாக்டர் சொல்லீட்டாரு."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு என் தலையை இழுத்துத் தன் கழுத்தோடு வைத்துக்கொண்டாள்.

"செரி கண்ணு. நீ எங்கிட்டச் சொன்னீன்னு அப்பாகிட்டச் சொல்லாத."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அதை அவளிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்றுதான் அவர்கள் வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.