அண்ணனுக்குக் கிடைக்காத தேதி

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது, காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் எங்கள் அண்ணனுக்கு முதல் வருடத் திதியை அவர் மகன் கொடுத்து முடித்திருப்பான். எனக்குத்தான் எதுவும் முடிந்ததாகத் தோன்றவில்லை. பஞ்சாங்கப்படி திதி பதினோரு நாள் முந்திக்கொண்டது. அண்ணன் மறைந்த தேதி இனிமேல்தான் வருகிறது. வாழ்நாளெல்லாம் தேதியையே கட்டிக்கொண்டு கிடந்த மனிதருக்கு எது நினைவு நாள்? அதை நினைத்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதையே நாலு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஸ்ரீரங்கத்தில். என்றைக்கு என்று கேட்டால் அம்மாவுக்கு நட்சத்திரம் தெரியும். ஆற்றில் தண்ணீர் வந்த மறுநாள் என்பது தெரியும். தேதி தெரியாது. பள்ளியில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் தம் வசதிக்கு ஒரு தேதியை எழுதிக்கொண்டார். கடைசிவரை எல்லாச் சான்றிதழிலும் அதுதான். தன் பிறந்த தேதி தெரியாதவர்தான் பிற்பாடு ஊருக்கெல்லாம் தேதி சொன்னார். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், அவரும் சிரிப்பார்.

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்தார். பத்தாம் வகுப்போடு அண்ணன் படிப்பு நின்றது. அங்கேயே ஒரு வெங்காய மண்டியில் சீட்டு எழுதி என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். பிறகு தில்லை நகரில் ஜெராக்ஸ் கடை போட்டார். சுற்றிலும் மருத்துவமனைகள். கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து நிற்பவர்களுக்குக் கொஞ்ச நேரம் படிக்க ஏதாவது வேண்டும் என்று வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டினார். ‘இன்று’ என்று போட்டு, அந்தத் தேதியில் முன்பு நடந்த ஒன்றைத் தினமும் எழுதுவார். நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய நாள், நம் முதல் செயற்கைக்கோள் பறந்த நாள், இப்படி. மனிதன் நிலவில் கால் வைத்ததை உலகம் ஜூலை இருபது என்றால் அவர் இருபத்தொன்றில்தான் எழுதுவார். நம் கடிகாரத்தில் அப்போது மறுநாள் காலை ஆகிவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் வாதாடுவார்.

ஒருமுறை, யாரோ ஒரு பெரிய மனிதர் புற்றுநோயால் இறந்த நாள் என்று எழுதியிருந்தார். வையம்பட்டியிலிருந்து மனைவியின் ரிப்போர்ட்டோடு வந்த விவசாயி ஒருவர், அதைப் படித்துவிட்டுக் காப்பி எடுக்காமலே திரும்பிவிட்டார். அண்ணன் சட்டைக் கையாலேயே பலகையைத் துடைத்துவிட்டு அவர் பின்னால் ஓடியிருக்கிறார். அன்றிலிருந்து பலகையில் சாவு கிடையாது, சண்டை கிடையாது. இன்னொரு தடவை போனில் வந்ததை நம்பி எழுதி, அது தப்பாகிவிட்டது. மூன்று நாள் ‘நான் எழுதியது தவறு’ என்பதையே எழுதி வைத்தார். அதன் பின் இரண்டு புத்தகத்தில் பார்க்காமல் எதையும் எழுதியதில்லை.

இந்த இரண்டு சட்டத்துக்கும் அடங்காமல் ஒரே ஒரு தேதி நின்றது. தேதிக்கு ஒரு பக்கம் என்று அவர் வைத்திருந்த நோட்டில் அந்தப் பக்கத்தில் எழுதியதெல்லாம் அடித்துக் கிடக்கிறது. ஒன்றில் ரத்தம், இன்னொன்றுக்கு ஒரே ஒரு புத்தகம்தான் சாட்சி. வருடாவருடம் அந்தத் தேதி நெருங்கினால் அண்ணனுக்குச் சோறு இறங்காது. நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள், சுற்றிலும் புத்தகம். பார்த்துச் சொல்லு என்று வருடாவருடம் கேட்பார். சரிண்ணே என்று சொல்லிவிட்டு வருடாவருடம் மறந்தேன்.

சென்ற வருடமும் அந்தத் தேதியில் காலையில் கூப்பிட்டார். “இந்த வருஷமும் ஒண்ணும் கெடைக்கலம்மா. ஒங்க லைப்ரரில ஏதாச்சும் இருக்கா பாரேன்” என்றார். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். “அப்புறம் பேசறேண்ணே” என்று வைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கடையிலேயே அவருக்கு நெஞ்சுவலி. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் ஷட்டரைத் திறந்து பார்த்தோம், உள்ளே இருந்த பலகையில் இப்படி இருந்தது: ‘இன்று: இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.’

அன்று மூடிய கடைதான். அந்தப் பலகையை யாரும் தொடவில்லை. நான் தேட ஆரம்பித்தேன். மதிய உணவு வேளையெல்லாம் அலமாரி அலமாரியாகத் தேடினேன். ஒரு வருடம்! ஒன்று கிடைத்தால் அதில் ஒரு சாவு இருக்கும், இல்லாவிட்டால் இரண்டாவது புத்தகம் இருக்காது. பாவி, அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நாள் தேடியிருந்தால் என்ன என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், கடையை யாருக்காவது விட்டுவிடலாம் என்றான். அண்ணி கடைச் சாவியை எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

போன வாரம் இந்த மலருக்காகப் படம் எடுக்கக் கடைக்குப் போனோம். பலகை முன்னால் நின்று, இந்தத் தேதிக்கு ஒன்றுமே இல்லையே அண்ணி என்று அழுதுவிட்டேன். அண்ணி ஜெராக்ஸ் மெஷின் மேல் கிடந்த துணியை உதறி மடித்து வைத்தார்.

“ஒரு வருஷமா பொஸ்தகத்துல தேடுற. அன்னிக்கு ஏதாச்சும் நடந்தாத்தான எழுத முடியும்? நான் அன்னிக்குக் கடையத் தொறக்குறேன். அத எழுது.”

அண்ணன் எழுதியதை அழிக்கட்டுமா என்று கேட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், கீழே எழுது என்றார்.

அன்று பாதி இறக்கிய ஷட்டருக்குள் புகுந்து அண்ணனைத் தூக்கி வந்த பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கும், கூலி வாங்க மறுத்த ஆட்டோ ஓட்டுநருக்கும், கடைசிவரை போராடிய மருத்துவர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட ஸ்ரீரங்கத்து அக்கம்பக்கத்தாருக்கும் என்ன சொன்னாலும் போதாது. உங்கள் எல்லோருக்கும் கும்பிடு.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்றிலிருந்து பதினோரு நாள் கழித்து, அண்ணன் மறைந்த அந்தத் தேதியில், காலை தில்லை நகர்க் கடைக்கு வாருங்கள். பலகையில் அண்ணன் கையெழுத்துக்குக் கீழே ‘இன்று: அண்ணி கடை திறந்தார்’ என்று நான் எழுதியிருப்பேன். இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் அண்ணன் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒன்று, அச்சில் வந்த இந்த மலர். இன்னொன்றுக்கு நீங்கள் நேரில் வந்து பார்த்தாக வேண்டும்.