ஃபொப் ஓஃப் என்றால் என்னவென்று அறிந்த நாள்

நான் அந்த ஏஜென்சியில் சத்தம் போட்டுக் காரியம் சாதித்தவள் என்று நம் முதியோர் கூட்டத்தின் இந்தக் கைபேசிக் குழுவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு. நான் குரலை உயர்த்தவே இல்லை.

ஈரச் சுவரின் மணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது...

எண்பதுகளின் கடைசி. ஸ்ட்ரெதமில் வாடகை ஃபிளாட். என் கணவர் இறந்தபின் வந்த முதல் குளிர்காலம். படுக்கையறைச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். சின்னவளாக இருந்த மகள் வாசுகிக்கு ஓயாத இழுப்பு.

வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சிக்குப் போனேன். அங்கிருந்த இளைஞன் தேனாகப் பேசினான். “லீவ் இற் வித் அஸ், மிஸிஸ் நாதன்.”

கொன்வென்ற்றில் படித்தவள் நான். எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் அது வாக்குறுதி என்றே நம்பினேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சுவர் அப்படியே இருந்தது. மறுபடி போனேன், மறுபடியும் நன்றி சொன்னேன்...

நான் நன்றி சொல்லிவிட்டு வந்ததைக் கீழ்வீட்டு ஐரிஷ்காரி மொரீன் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “தே ஆர் ஃபொபிங் யூ ஓஃப், லவ். அண்ட் யூ தாங்க் தெம் ஃபோர் இற்.”

‘ஃபொப் ஓஃப்’ கன்னியாஸ்திரிகள் கற்பிக்காத சொல். மொரீன்தான் விளக்கினாள். முடியாது என்று சொல்வதில்லை. செய்வதுமில்லை. இனிக்க இனிக்க ஏதோ சொல்லி, பதில் தராமலே ஆளை வாசல்வரை அனுப்பிவிடுவது.

மறுநாள் போய்க் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். எப்போது திருத்துவீர்கள் என்று எழுதித் தரும்வரை எழும்பமாட்டேன் என்றேன். மதியமானது. டப்பாவைத் திறந்து புட்டும் மீன்குழம்பும் கரண்டியால் சாப்பிட்டேன். அது தந்திரமல்ல, எனக்குப் பசி. ஆனால் அவன் மீன் மணம் தாங்காமல் எழுந்து வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, நான் கேட்ட கடிதத்தை ரைப் அடிக்கத் தொடங்கினான்.

அந்தக் கிழமையே ஆட்கள் வந்து சுவரைக் கொத்திப் பூசினார்கள். வாசுகி இழுப்பில்லாமல் தூங்கினாள்.

அன்று அந்நியர்கள், ஆங்கிலத்தில். இன்று நம்மவர்கள், நம் தமிழில்...

கோலியர்ஸ் வுட் மண்டபத்தில் நம் முதியோர் கூட்டம் மேல்மாடியில் நடக்கிறது. முழங்கால் வலியால் படியேற முடியாமல் ராசம் அக்கா வருவதையே விட்டுவிட்டார். கீழறைக்கு மாற்றும்படி கேட்டேன். செயலாளர் குமரன் அன்பாகத்தான் சொன்னார். “பாப்பம் அன்ரி... நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

தைப்பொங்கலுக்குச் சொன்னது. கோடையும் வந்துவிட்டது.

தம்பி குமரன், நான் இன்னும் கதிரையில் நிமிர்ந்து இருக்கக்கூடியவள். ஓம் என்றாலும் சரி, ஏலாது என்றாலும் சரி. எழுத்தில் பதில் தாருங்கள்.