ஜவ்வாது மலை ரோட்டில் என் வண்டி நின்ற இடங்கள்

நான் கட்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆம்பூர் தோல் ஷெட்டில் ஈரத்தோல் சுமந்தேன். பிறகு மாதனூர் பக்கத்தில், வெறும் பாறை என்று எல்லோரும் ஒதுக்கிய நிலத்தில், ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனி கட்டினேன். தண்ணீரே வராது என்றார்கள். போர் போட்டு எடுத்தேன். பாங்கி மேனேஜர் கடன் தராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கட்டினேன். அவர் மாற்றலாகிப் போய்ப் புது மேனேஜர் வந்தார், அவரும் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் ஒரு மாடி கட்டினேன். கம்பெனி பஸ்ஸுக்கு ஷெட், பெண்கள் உட்கார்ந்து சாப்பிட ஹால், எதிர்ப்பக்கத்துப் பிள்ளையாருக்குக் கோபுரம். இது எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. திருப்பத்தூர் தாண்டி ஜவ்வாது மலைக்கு ஏறும் காட்டு ரோட்டில் நான்கு வியூ பாயின்ட்டும், காட்டுக்குள் இறங்கும் ஒரு நடைபாதையும் என்னால் உண்டானவை.

அதைத்தான் இப்போது இன்னொருவர் தன்னுடையது என்கிறார். மலைமேல் லாட்ஜ் நடத்துகிறவர். மலை ஊர்க் கமிட்டி அந்த ரோட்டில் ஒரு கல் நடப் போகிறது. ‘இவ்விடங்களைக் கண்டறிந்தவர்’ என்று அதில் அவர் பெயரை வெட்டப் போகிறார்களாம். கையெழுத்துக்கு மேல் எழுதிப் பழகாத நான் பேனாவை எடுத்த காரணம் அதுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஆயுத பூஜைக்கு மறுநாள் கம்பெனி ஆட்களை மலைக்கு டூர் அழைத்துப் போனேன். மற்ற கம்பெனி பஸ்களில் வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் கட்டுவார்கள். நான் அதோடு விடுகிற ஆள் இல்லை. எங்கள் சரக்கிலேயே பெரிதாக ஒரு முழு எருமைத் தோலை எடுத்து, கம்பெனி பெயரை மஞ்சள் பெயின்ட்டில் எழுதி, பஸ்ஸின் மூக்கு முழுவதும் மூடும்படி இழுத்துக் கட்டினேன். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். தோலால் சோறு தின்கிறவன் தோலுக்குத்தானே முதல் மரியாதை செய்ய வேண்டும்? எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள்.

மலை ஏற ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே முன்பக்கம் ஆவி அடித்தது. ஒரு வளைவில் டிரைவர் பாய் வண்டியை ஓரம்கட்டினார்.

“மொதலாளி, ரேடியேட்டர்ல தண்ணி கொதிக்குது. மூஞ்ச மூடிக்கினா வண்டி எப்படி மூச்சு வுடும்? அந்தத் தோல கழட்டிடலாம்.”

தையல் லைன் சூப்பர்வைசர் அம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள். “இன்னா பாய் பேசற? பூஜ போட்டத நடுவழில கழட்டுவாங்களா? பொட்டு கூட காயல. நாளைக்கு ஆர்டர் நின்னுபோச்சினா எங்களுக்கு நீயா சோறு போடுவ?”

“யம்மா, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எதுக்கு இவ்ளோ பேஜாரு?”

பஸ் முழுக்க என் முகத்தைப் பார்த்தது. மாலை வாடும் முன் கழற்றினால் தொழில் படுத்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் பயம் உண்டு, எனக்கும் உண்டு. அதை வெளியில் காட்டினால் நான் முதலாளியா? இறங்கி ரோட்டோரம் போய் நின்றேன். கீழே தென்னந்தோப்புகள், ஏரி, எதிரே ஏலகிரி மலை எருமை படுத்தது மாதிரி.

“எல்லாரும் எறங்குங்க!” என்று சத்தம் போட்டேன். “இங்க நின்னு பாத்துட்டுதான் மேல போவணும். அதுக்குதான் வண்டிய நிறுத்தச் சொன்னேன்.”

“இங்க இன்னா மொதலாளி தெரியுது?”

“தெரியறத பாரும்மா.”

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். நான் வந்து நின்றால் லைனில் நிற்பார்கள். அன்றும் கட்டிங் செக்‌ஷன் முன்னால், தையல் நடுவில், பேக்கிங் கடைசியில் என்று வரிசையாக நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். முதல் வியூ பாயின்ட் இப்படித்தான் பிறந்தது.

அடுத்த வளைவில் மறுபடி ஆவி. குடிக்கக் கொண்டுவந்த பாக்கெட் தண்ணீரெல்லாம் ரேடியேட்டருக்குப் போய்விட்டது. விறகு பொறுக்கிக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி, கீழே ஓடை இருக்கிறது என்று கையைக் காட்டினாள். எடுத்துவரப் பாத்திரம்? எல்லோரிடமும் சோற்றுத் தூக்கு இருந்தது. தூக்கில் சோறும் இருந்தது. தூக்கு காலியாக வேண்டுமே. காலை இட்லி செரிக்காத வயிற்றில் எல்லோரும் ரோட்டோரம் உட்கார்ந்து மதியச் சோற்றைத் தின்றார்கள்.

“இப்ப கீழ எறங்கறோம்,” என்றேன். “இதுக்குப் பேரு ட்ரெக்கிங். வெளியூர்ல துட்டு குடுத்துச் செய்யறாங்க.”

“தண்ணி தூக்கறதுக்கா துட்டு குடுக்கறாங்க?” என்றாள் சூப்பர்வைசர் அம்மா. “அப்ப எங்க தெருவே ட்ரெக்கிங்தான்.”

சிரித்தார்கள், ஆனால் இறங்கினார்கள். உண்ணிச்செடியைக் குச்சியால் அடித்து ஒதுக்கி, போய் வந்து போய் வந்து அந்த இடத்தில் ஒரு தடம் விழுந்துவிட்டது. மேலே இன்னும் இரண்டு வளைவுகளில் வண்டி கொதித்தது. ஒன்றில் மூங்கில் காடு. இன்னொன்றில் மேகம் தவிர ஒன்றும் தெரியவில்லை. மேகத்தைப் பார்க்கச் சொன்னேன். பொழுது சாயும்போது மலை உச்சியைச் சேர்ந்தோம். தோலை யாரும் தொடவில்லை.

எங்கள் பெண்கள் ஒவ்வொரு இடத்திலும் செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டார்கள். கம்பெனி யூனிபாரம் நீலக் கோட்டில் இத்தனை பேர் வரிசையாக நின்று எதையோ பார்க்கிறார்கள் என்றால் கார்க்காரன் நிற்காமல் போவானா? அவனைப் பார்த்து இன்னொருவன். பிறகு சோளம் சுடுகிறவர்கள் வந்தார்கள், குரங்கு வந்தது, கம்பி வேலி வந்தது. தூக்கோடு நாங்கள் இறங்கிய தடத்தில் இப்போது ஜனங்கள் கைத்தடியும் தொப்பியுமாக இறங்குகிறார்கள்.

போன மாதம் கமிட்டியில் போய் உட்கார்ந்தேன். லாட்ஜ்காரர் என்னைப் பார்த்து, “வண்டி கெட்டு நின்னா அதுக்குப் பேரு கண்டுபிடிப்பா பெரியவரே?” என்றார்.

“உன் கார்ல எத்தினி வருசமா போற வர்ற? எங்கனா ஒரு எடத்துல நின்னு பாத்தியா?” என்று கேட்டேன்.

அந்த நான்கு இடத்திலும் நின்றதை நிரூபித்துக் காட்டச் சொன்னார் கமிட்டித் தலைவர். காட்டுகிறேன் என்றேன். அதே பஸ், அதே பாய், அதே ஆட்கள். புதிதாக ஒரு எருமைத் தோல், முறைப்படி பூஜை. முன் சீட்டில் கமிட்டிக்காரர்கள். மலை அடிவாரத்தில் பிடித்தது மழை. தோலில் தண்ணீர் வழிகிறது, இன்ஜின் ஐஸ் மாதிரி ஓடுகிறது.

“ஹீட் ஆச்சா பாய்?”

“எங்க மொதலாளி? வண்டி ஜம்முனு போவுது.”

“ஜம்முனு போவாத. மொத கியர்ல போ.”

என் வாழ்நாளில் ஒரு வண்டி நன்றாக ஓடியதற்காக நான் வயிறெரிந்தது அன்றுதான். முதல் வளைவு வந்தது. ஆவி இல்லை. பாய் நிறுத்தவில்லை. அப்போது பின்னாலிருந்து தையல் லைன் மொத்தமும் எழுந்து, “நிறுத்து பாய், எடம் வந்துட்ச்சி!” என்று கத்தியது. கொட்டுகிற மழையில் அவர்களாக இறங்கி, கட்டிங் முன்னால், தையல் நடுவில், பேக்கிங் கடைசியில் என்று நின்று, ஒன்றும் தெரியாத பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். நான்கு வளைவிலும் இதே கதை. கமிட்டிக்காரர்கள் பஸ் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள்.

உச்சியில் டீ குடித்துக்கொண்டே தலைவர் சொன்னார்: “பெரியவரே, நீங்க நின்னது உண்மைதான், ஒத்துக்கறோம். ஆனா கல்லு லாட்ஜ்காரர் வாங்கித் தர்றார். பேரும் அவரு பேருதான் வரும்.”

கல் யார் வாங்கினால் என்ன? மலை அங்கேயேதான் இருந்தது, ரோடும் இருந்தது. அதில் நின்று பார்க்க வேண்டும் என்று ஜனங்களுக்குத் தோன்ற வைத்தவன் யார்? ஆகவே கமிட்டியாருக்கு இதன்மூலம் சொல்லிக்கொள்வது: லாட்ஜ்காரர் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், என் பெயரும் என் கம்பெனி பெயரும் வர வேண்டும். நடைபாதைக்குத் தையல் லைன் பெண்கள் என்று ஒரு வரி வர வேண்டும். பாய் பெயரையும் போடுங்கள், சின்ன எழுத்தில் போதும். அவ்வளவுக்கும் இடம் போதாது என்றால் இந்தக் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கல் எடுங்கள்.