முகம் பார்க்க ஓர் இணைப்பு

றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பழைய பிள்ளைக் காம்பராவைத் திருத்தி ஒரு கம்ப்யூட்டர் நிலையம் திறந்தார்கள். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற கட்டடம் அது. தொட்டில் கட்டிய கொக்கிகள் அப்போதும் கூரையில் இருந்தன. இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. கைப்பேசிக்கு எங்கள் மலையில் சிக்னல் வராத காலம்.

தொழிலாளர் வீடுகளின் வரிசையான கீழ் லயத்தில் ஓர் அத்தை இருந்தார். சொந்த அத்தை அல்ல, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் படிக்கப் போனபோது அவள் வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஆரம்பத்தில் தோட்டத்துக் கடை போனுக்கு எடுத்துப் பேசினாள். பிறகு பேச்சே இல்லை.

நிலையத்தை நடத்திய தொண்டு அமைப்பின் மூலமாகத்தான் செய்தி வந்தது. வேலை செய்த வீட்டிலிருந்து அவள் தப்பி ஓடியிருக்கிறாள். கை முறிந்திருக்கிறது. இப்போது ஒரு பாதுகாப்பு விடுதியில் இருக்கிறாள். ஆனால் யாரிடமும் வாய் திறப்பதில்லை. போனைக் காதில் வைத்தாலும் பேசுவதில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் பேசக்கூடும் என்று விடுதியைப் பார்த்துக்கொண்ட பெண் சொல்லியிருந்தார். அங்கே கேமரா வைத்த கம்ப்யூட்டர் இருந்தது.

எங்களிடமும் கேமரா இருந்தது. சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் படம் வராது. ஐ.எஸ்.டி.என் என்ற புதிய வகை இணைப்பு எடுத்தால், ஒரே கம்பியில் இரண்டு வழிகள் திறக்கும், இரண்டும் சேர்ந்தால் முகம் அசைவது தெரியும் என்றார்கள். அமைப்பு இணைப்பை எடுத்துக் கொடுத்தது. கம்ப்யூட்டரையும் கம்பியையும் சேர்க்க டிபன் பெட்டி அளவில் ஓர் அடாப்டரும் பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

பொருத்துவது சுலபம் என்று கூட வந்த புத்தகம் சொன்னது. ஒவ்வொரு நாட்டுத் தொலைபேசிக்கும் ஏற்ற செட்டிங்குகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள். நாட்டின் பெயரைத் தெரிவு செய்தால் மற்றதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். திரையில் பெயர்களை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். இலங்கை இல்லை.

மலையிலிருந்து அத்தை நேராக வந்தார். கூடையை வாசலில் வைத்துவிட்டு, அட்டை கடித்து ரத்தம் ஒழுகிய காலோடு சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன டீச்சரு, மொகம் தெரியுதா?" எனக்கு வேலை கிடைத்ததிலிருந்து என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"இன்னும் இல்ல அத்த. இந்தப் பெட்டிக்கு நம்ம நாடு தெரியாதாம்."

"அப்ப இந்தியான்னு போடுங்களேன். நாங்க அங்கருந்து வந்தவங்கதானே."

போட்டுப் பார்த்தேன். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. அமெரிக்கா என்று போட்டால், எங்களுக்கு யாரும் கொடுக்காத ஏதோ ஓர் எண்ணைக் கேட்டது. ஜப்பானுக்கு மௌனம்தான். பெட்டியை அணைத்து எழுப்பி, அடுத்த நாட்டைப் போட்டு, அத்தையின் முகத்தைப் பார்க்காமல் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும்போது இடி இடித்தது. மின்னல் வந்தால் பெட்டி போய்விடும் என்று கம்பிகளைக் கழற்றினேன். அத்தை கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் கடையிலிருந்து இரத்தினபுரிக்குப் போன் செய்தேன். எங்களுக்குக் கம்பி இழுத்துக் கொடுத்த சிங்களவர், தங்கச்சியிடம் பேசுவதுபோல் பொறுமையாகப் பேசினார். "நங்கி, எங்கட எக்ஸ்சேஞ் யுரோப் மாதிரி. ஜெர்மனி போடுங்க. அதுல உங்கட நம்பர மாத்துங்க. ரெண்டு சனலும் ஓன் பண்ணுங்க, ஹரித, சரியா?"

ஜெர்மனி என்று போட்டேன். முதல் விளக்கு சிமிட்டி, பிறகு நிலையாக நின்றது. எங்கள் எண்ணைக் கொடுத்து இரண்டாம் வழியையும் திறந்ததும் அடுத்த விளக்கும் எரிந்தது. சந்தோஷத்தில் கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அத்தையை மலையிலிருந்து கூப்பிட்டோம். பாதியில் இறங்கினால் அன்றைய பேர் கிடைக்காது, நாள் சம்பளம் போய்விடும் என்றார் அவர். அத்தை இறங்கி வந்துவிட்டார். லயத்துக்குப் போய் முகம் கழுவி, தலை சீவி, பொட்டு வைத்து, திருவிழாவுக்குக் கட்டும் சேலையில் வந்து கேமராவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

விடுதியை அழைத்தேன். படம் வந்தது. வெள்ளைச் சுவர், ஒரு மேசை, விடுதியைப் பார்த்துக்கொண்ட, கண்ணாடி போட்ட பெண். அவர் பேசிய தமிழ் தெளிவாகக் கேட்டது. எங்களைக் கண்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, மன்னிச்சிருங்க. காலையில அந்த வீட்டுக்காரர், அவள வேலைக்குச் சேத்த ஏஜென்டோட வந்தாரு. பாஸ்போர்ட், பேப்பர் எல்லாம் அவங்க கையில இருக்கு. கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்களால தடுக்க முடியல."

அத்தைக்குப் புரிய நேரம் எடுத்தது. "அதே வீட்டுக்கா?"

"ஆமா."

"போகமாட்டேன்னு சொல்லலியா அவ?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். "அவதான் பேசுறதே இல்லையேம்மா."

பிறகு அத்தை, மகள் எங்கே படுத்திருந்தாள் என்று கேட்டார். அந்தப் பெண் கேமராவைத் திருப்பினார். ஜன்னலோரம் ஓர் இரும்புக் கட்டில். போர்வை மடிக்காமல் கிடந்தது. தலையணையில் இருந்த பள்ளம்கூடத் தெரிந்தது. அவ்வளவு துல்லியமான படத்தை அதற்கு முன் நான் கம்ப்யூட்டரில் பார்த்ததில்லை. அத்தை கையை நீட்டித் திரையைத் தொட்டார். இணைப்பைத் துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்தான் துண்டித்தார்.

அமைப்பு தேடியது. அந்த வீட்டுப் போனை யாரும் எடுக்கவில்லை. அமைப்பின் ஆட்கள் ஏஜென்டின் அலுவலகத்துக்குப் போனபோது அங்கே வேறு யாரோ துணி விற்றுக்கொண்டிருந்தார்கள். சில மாதங்கள் அத்தை வேலை முடிந்து நிலையத்துக்கு வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். பெட்டியைப் போடச் சொல்லமாட்டார். பிறகு அமைப்புக்கு நிதி நின்றது, இணைப்பை வெட்டினார்கள், நானும் இரத்தினபுரியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டேன். மகள் இன்றுவரை வரவில்லை. இருக்கிறாளா என்றும் தெரியாது.

இப்போது லயத்தில் எல்லோர் கையிலும் போன். கட்டாரிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகள் முகம் காட்டிப் பேசுகிறார்கள். யாராவது போனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கத் தொடங்கினால் அத்தை எழுந்து வெளியே போய்விடுவார் என்று என் அம்மா சொன்னார். போன முறை ஊருக்குப் போனபோது அவரைப் பார்க்கப் போனேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"மழ வருது டீச்சரு. பஸ்ஸ விட்டுறாதீங்க" என்றார். நான் எழுந்தேன்.